கனடா, ரஷ்யா ஊசியிலை மர ஏற்றுமதி ஒப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுத்த ஊசியிலை மரத்தை உலகச் சந்தைக்கு அதிகம் அனுப்பும் நாடுகள் என்று பார்த்தால், கடந்த இருபது ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்பவை கனடாவும் ரஷ்யாவும். மாணவர்கள், மர வியாபாரத்தில் இருப்பவர்கள், பொருளாதாரச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் எனப் பலரும் இந்த இரண்டு நாடுகளின் எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். அப்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், விஷயம் அப்படி.

ஊசியிலை மரம் என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

பைன், ஸ்ப்ரூஸ், ஃபர், லார்ச், ஹெம்லாக், சிடார் ஆகியவை. இமயமலைத் தேவதாருவும் இந்த இனம்தான். தேக்கு, வேம்பு, பலா, பிர்ச் எல்லாம் அகன்ற இலை வகை, அவை இந்தக் கணக்கில் வராது. இறக்குமதி இயந்திரங்கள் வரும் பெட்டிகளில் வெளிர்மஞ்சளாக, கணுக்கணுவாக, லேசான பிசின் வாசனையோடு ஒரு மரம் இருக்குமே, அது பெரும்பாலும் இதுதான். வட அமெரிக்காவில் வீட்டின் சுவர்ச் சட்டம், தரை, கூரை எல்லாமே இந்த மரத்தில்தான் எழுகின்றன. அதனால் அங்கே வீட்டு வசதித் துறை தும்மினால் மரச் சந்தைக்குக் காய்ச்சல் வருகிறது.

முப்பது ஆண்டுகளில் இரண்டு நாடுகளும் எப்படி நகர்ந்தன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். 1990களின் நடுவில் ரஷ்யா வெளியே அனுப்பிய அறுத்த மரம் ஆண்டுக்குச் சுமார் அரைக் கோடி கன மீட்டர்தான். கனடா அதைப்போலப் பல மடங்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 2005 வாக்கில் கனடா 4 கோடி கன மீட்டரை ஒட்டி உச்சத்தில் நின்றது, ரஷ்யா ஒன்றரைக் கோடியை எட்டியிருந்தது. 2009ல் கனடாவின் ஏற்றுமதி ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ரஷ்யாவுக்கு அந்த அடி பெரிதாக விழவில்லை, அடுத்த பத்து ஆண்டுகளும் ஏறிக்கொண்டே போய் 2018 வாக்கில் 3 கோடியைத் தாண்டிக் கனடாவை முந்தியது. 2022க்குப் பிறகு ரஷ்யா இறங்கியது. கனடாவும் இறங்கிக்கொண்டிருந்ததால் இப்போது இருவரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கிறார்கள்.

இதை வைத்து எந்த நாட்டில் மரம் அதிகம், எந்த நாடு திறமையாக வெட்டுகிறது என்றெல்லாம் முடிவு கட்டிவிடாதீர்கள். கனடாவின் கோடு அமெரிக்காவில் எத்தனை வீடு கட்டுகிறார்கள் என்பதோடு ஏறி இறங்குகிறது. ரஷ்யாவின் கோடு சீனாவின் தேவையோடு ஏறியது. இரண்டு நாடுகளும் ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பியவை. என்னைக் கேட்டால் இந்த ஒப்பீட்டில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் அதுதான், கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும்.

காடு பெரிதாக இருந்தால் ஏற்றுமதியும் அதிகமாகத்தானே இருக்க வேண்டும்?

ரஷ்யாவின் காட்டுப் பரப்பு சுமார் 81 கோடி ஹெக்டேர், உலகக் காட்டில் ஐந்தில் ஒரு பங்கு. கனடாவுக்குச் சுமார் 35 கோடி ஹெக்டேர். பாதிகூட இல்லாத காட்டை வைத்துக்கொண்டு கனடா பல ஆண்டுகள் ரஷ்யாவைப்போலப் பல மடங்கு ஏற்றுமதி செய்தது. சைபீரியாவில் மரம் நிற்கும் இடத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே சாலை இருக்காது. பல இடங்களில் தரை உறைந்து கிடக்கும் குளிர்காலத்தில் மட்டும்தான் லாரி உள்ளே போக முடியும். ரயிலில் ஏற்றினாலும் துறைமுகம் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். வாங்குகிறவன் கொடுக்கும் விலை அந்த வண்டிக்கூலியைத் தாங்கினால்தான் மரம் நகரும்.

எந்த ஆண்டிலிருந்து ஒப்பிடலாம்?

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் தரவு 1961லிருந்து கிடைக்கிறது. ஆனால் 1991 வரை அதில் இருப்பது சோவியத் யூனியன். லாட்வியா, எஸ்டோனியா, லிதுவேனியா, பெலாரஸ், உக்ரைன் எல்லாம் அதற்குள் அடக்கம். ரஷ்யா தனியாக வருவது 1992லிருந்து. இரண்டையும் ஒட்டி ஒரே கோடாக வரைந்தால் 1992ல் ஒரு பள்ளம் விழும், அதில் ஒரு பகுதி நாடு பிரிந்ததால் வந்த பள்ளம். ஆகவே 1992லிருந்து தொடங்குவது நல்லது. சோவியத் காலத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் தனி நிறத்தில் காட்டுங்கள்.

1990களில் ரஷ்யா ஏன் அவ்வளவு கீழே இருந்தது?

சோவியத் காலத்தில் மரம் வெட்டுவது, இழுப்பது, அறுப்பது, ஆர்க்காங்கெல்ஸ்க், இகார்கா போன்ற துறைமுகங்களுக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றுவது எல்லாம் ஒரே அரசாங்கத் திட்டத்தின் கீழ் நடந்தன. அந்தத் திட்டம் போனதும் சங்கிலி அறுந்துவிட்டது. ஆலைக்கு முதல் இல்லை, ரயில் கட்டணம் ஏறியது, உள்நாட்டில் வீடு கட்டுவது சுருங்கியது. 1998 ஆகஸ்டில் ரூபிள் சரிந்த பிறகுதான் கணக்கு மாறியது. ஒரு டாலருக்கு 6 ரூபிள் இருந்தது சில மாதங்களில் 20க்கு மேல் போனது. செலவு ரூபிளில், வரவு டாலரில் என்றால் ஏற்றுமதியாளருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 2014, 2015லும் இதே கதை இன்னொரு முறை நடந்தது. அதனால்தான் ரஷ்யாவின் ஏற்றுமதிக் கோட்டைப் பார்க்கும்போது பக்கத்திலேயே ரூபிள் மதிப்பையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் மரத்தில் என்ன தகராறு? ஏன் முடியவே மாட்டேன் என்கிறது?

கனடாவின் காடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பொதுச் சொத்து, பெரும்பாலும் மாகாண அரசுகளின் கையில். ஆலை நடத்துபவர் நிற்கும் மரத்தை வெட்ட மாகாணத்துக்கு ஒரு கட்டணம் செலுத்துகிறார். அதற்கு ஸ்டம்பேஜ் என்று பெயர். அமெரிக்காவில் மரம் பெரும்பாலும் தனியார் நிலத்திலிருந்து சந்தை விலைக்கு வருகிறது. கனடாவின் கட்டணம் சந்தை விலையைவிடக் குறைவு, ஆகவே அது மறைமுக மானியம் என்பது அமெரிக்க ஆலைகளின் வாதம். எங்கள் நிலம், எங்கள் முறை, இதில் மானியம் எதுவும் இல்லை என்பது கனடாவின் வாதம்.

முதல் வழக்கு 1982ல் வந்தது, மறு ஆண்டே மானியம் இல்லை என்று தீர்ப்பானது. 1986ல் மறுபடி வழக்கு. அமெரிக்கா வரி போடுவதற்குள் கனடாவே 15 சதவீத ஏற்றுமதி வரியைப் போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டது. வரிப் பணமாவது கனடாவிலேயே தங்குமே என்ற கணக்கு. 1991ல் கனடா அந்த ஏற்பாட்டிலிருந்து விலகியதும் மூன்றாவது சுற்று தொடங்கியது. 1996ல் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, ஒன்டாரியோ, கியூபெக் ஆகிய நான்கு மாகாணங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 1,470 கோடி போர்டு அடி வரை கட்டணமில்லாமல் அனுப்பலாம், அதற்கு மேல் போனால் கட்டணம். (ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓர் அங்குலத் தடிமன் உள்ள பலகை ஒரு போர்டு அடி.)

அது 2001ல் காலாவதியாக, 2002ல் மானியத்துக்கு எதிரான வரி, அடக்க விலைக்கும் கீழே விற்பதற்கு எதிரான வரி என்ற இரண்டும் சேர்ந்து சுமார் 27 சதவீதம் ஆனது. 2006 ஒப்பந்தத்தில் அதுவரை வசூலான சுமார் 500 கோடி டாலரில் 400 கோடியைத் திருப்பிக் கொடுத்தார்கள், மீதி அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது. கனடாவில் இன்றும் இதைச் சொல்லிக் கோபப்படுகிறவர்கள் உண்டு, அந்தக் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. அந்த ஒப்பந்தமும் 2015 அக்டோபரில் முடிந்தது. 2016 நவம்பரில் அமெரிக்க ஆலைகள் ஐந்தாவது முறை வழக்குப் போட்டன. அதில் விதித்த வரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் 20 சதவீதம், இடையில் 9 சதவீதத்தை ஒட்டி, 2024 ஆகஸ்டில் 14 சதவீதத்துக்கு மேல், 2025 ஆகஸ்டில் 35 சதவீதம். அதற்கு மேல் 2025 அக்டோபரில் தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி இன்னொரு 10 சதவீதம். ஆக மொத்தம் அப்போது பெரும்பாலான கனடிய ஆலைகளுக்குச் சுமார் 45 சதவீதம்.

இவ்வளவு வரி இருந்தும் கனடா ஏன் வேறு நாட்டுக்கு மாறவில்லை?

எல்லைக்கு அந்தப் பக்கமே உலகின் மிகப் பெரிய மரவீட்டுச் சந்தை. ரயிலில் ஏற்றினால் சில நாளில் கடைக்குப் போய்ச் சேரும். இரு நாட்டிலும் ஒரே அளவு, ஒரே தர முத்திரை, ஒரே கட்டட முறை. இதையெல்லாம் விட்டுவிட்டுக் கடல் கடந்து போக வேண்டுமென்றால் அறுக்கும் அளவையே மாற்ற வேண்டும். பசிபிக் கரையில் இருப்பதால் பிரிட்டிஷ் கொலம்பியாவாவது முயன்றது. கியூபெக்குக்கும் ஒன்டாரியோவுக்கும் அந்த வழி மிகவும் தூரம்.

இந்தச் சார்பின் விலை 2006லிருந்து 2009 வரை தெரிந்தது. அமெரிக்காவில் 2005ல் 20 லட்சத்துக்கு மேல் வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். 2009ல் அது சுமார் 5.5 லட்சம். எந்த வரியும் செய்யாத சேதத்தை அந்தச் சரிவு செய்தது. ஒரே ஆலையை நம்பி வாழ்ந்த சிற்றூர்கள் பல அப்போது முடங்கின.

பெரிய நிறுவனங்கள் வேறொரு வழி கண்டுபிடித்தன. வெஸ்ட் ஃப்ரேசர், கான்ஃபோர், இன்டர்ஃபோர் போன்றவை அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஆலைகளை வாங்கிக்கொண்டன. 2019ல் கான்ஃபோர் சுவீடனின் வீடா நிறுவனத்தில் பெரும்பங்கை வாங்கியது. வரி போடுவது கனடாவின் எல்லையைத் தாண்டும் மரத்துக்குத்தானே, நிறுவனத்துக்கு இல்லையே. ஆகவே கனடாவின் ஏற்றுமதி குறைந்தது என்றால் கனடிய நிறுவனங்கள் நொடித்துவிட்டன என்று அர்த்தம் எடுக்கக்கூடாது. நொடித்தது ஆலை இருந்த ஊர்.

வண்டு தின்றது என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை?

முழு உண்மை. மலைப் பைன் வண்டு என்ற அரிசி மணி அளவுப் பூச்சி 1990களின் இறுதியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதியில் பெருகத் தொடங்கியது. பட்டைக்கு அடியில் துளைத்து முட்டையிடும். கூடவே ஒரு பூஞ்சையையும் கொண்டுவரும். அந்தப் பூஞ்சை மரத்தின் நீரோட்டத்தை அடைத்துவிடும், கட்டையில் நீலக் கறை படியும். மறு ஆண்டு ஊசியிலைகள் சிவக்கும், அதற்கடுத்து மரம் சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிற்கும். மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய குளிர் பல நாள் நீடித்தால்தான் இந்த வண்டு பெருவாரியாகச் சாகும். அப்படிப்பட்ட குளிர்காலங்கள் அரிதாகிவிட்டன. லாட்ஜ்போல் என்ற பைன் வகை பரவலாக, ஒரே வயதில் முதிர்ந்து நின்றதும் வண்டுக்கு வசதியாகிவிட்டது. சுமார் 1.8 கோடி ஹெக்டேர் பாதிப்பு. மாகாணத்தில் அறுக்கத் தகுந்த பைனில் பாதிக்கு மேல் செத்துப்போனது.

ஏற்றுமதிக் கோட்டில் இது உடனே சரிவாகத் தெரியாது, முதலில் ஏற்றமாகத்தான் தெரியும். செத்த மரம் வெடித்துப் பாழாவதற்குள் வெட்டி எடுக்க வேண்டும் என்று மாகாண அரசு வெட்டும் அளவை உயர்த்தியது. ஆலைகள் பகலிரவாக அறுத்தன. நீலக்கறை மரத்தை டெனிம் பைன் என்று பெயர் வைத்துக்கூட விற்றார்கள். அந்த மரம் தீர்ந்த பிறகு, ஏறக்குறைய 2014க்குப் பின், அனுமதி அளவு இறங்கியது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 2017, 2018, 2023 காட்டுத்தீக்கள் மிச்சத்தையும் சுருக்கின. 2023ல் மட்டும் கனடா முழுவதும் 1.5 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது.

கனடாவின் கோட்டைப் படிக்கும்போது அமெரிக்க வீடு, அமெரிக்க வரி ஆகிய இரண்டோடு இந்த வண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வரி நாளையே நீங்கலாம். அறுக்கும் பருமனுக்கு மரம் வளர அறுபது, எழுபது ஆண்டுகள் ஆகும்.

ரஷ்யா ஏன் முதலில் தடியாக, அதாவது அறுக்காத உருட்டுக் கட்டையாக அனுப்பியது, பிறகு ஏன் நிறுத்தியது?

2006ல் ரஷ்யா வெளியே அனுப்பிய தடி, பிர்ச் உட்பட, சுமார் 5 கோடி கன மீட்டர். உலகில் வேறெந்த நாடும் அதன் அருகில்கூட இல்லை. பின்லாந்தின் காகித ஆலைகள், ஜப்பானின் தொயாமா பகுதி மர ஆலைகள், சீன எல்லையில் மன்சௌலி, சுய்ஃபென்ஹே நகரங்களின் ஆலைகள் எல்லாம் ரஷ்யத் தடியை நம்பி இயங்கின. மரம் ரஷ்யாவுடையது, அறுக்கும் வேலையும் லாபமும் எல்லைக்கு அந்தப் பக்கம். மாஸ்கோவுக்கு இது உறுத்தியது.

தடி ஏற்றுமதி வரியை 2007 ஜூலையில் 20 சதவீதமாகவும் 2008 ஏப்ரலில் 25 சதவீதமாகவும் உயர்த்தினார்கள். 2009 ஜனவரியில் 80 சதவீதம் ஆக்குவதாக அறிவித்திருந்தார்கள், அதைத் தள்ளிவைத்தார்கள். 2012 ஆகஸ்டில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது, ஒதுக்கீட்டு அளவுக்குள் ஸ்ப்ரூஸுக்கு 13, பைனுக்கு 15 சதவீதம் என்று குறைத்தார்கள், அளவைத் தாண்டினால் 80. கடைசியாக 2022 ஜனவரி 1 முதல் ஊசியிலைத் தடி ஏற்றுமதியையே பெருமளவில் தடை செய்துவிட்டார்கள்.

இதன் விளைவைத் தரவில் பளிச்சென்று பார்க்கலாம். தடி வருடா வருடம் சுருங்க, அறுத்த மரம் பெருகுகிறது. ரஷ்யா கனடாவை முந்தியதில் ஒரு பங்கு புதிதாக வெட்டிய மரம், இன்னொரு பங்கு முன்பு தடியாகப் போனது இப்போது அறுத்த சட்டமாகப் போவது. அறுத்த மரத்தை மட்டும் பார்த்து ரஷ்யா திடீரென்று விஸ்வரூபம் எடுத்துவிட்டது என்று எழுதுபவர்கள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள். தொயாமாவில் ரஷ்யத் தடியை அறுத்துக் கூரைச் சட்டமாக விற்ற ஆலைகள் 2007க்குப் பிறகு தேய்ந்துபோயின. ரஷ்யாவின் வரி வேறொரு நாட்டில் வேலையைக் காலி செய்தது என்பதும் இந்தக் கதையின் பகுதிதான்.

சீனா எப்போது, எப்படி உள்ளே வந்தது?

1998ல் யாங்சே ஆற்றில் பெருவெள்ளம். மேல்பகுதிக் காடுகளை அழித்ததும் ஒரு காரணம் என்று சீன அரசு முடிவு செய்து இயற்கைக் காடுகளில் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பின்னர் 2010களின் பிற்பாதியில் நாடு முழுவதும் இயற்கைக் காட்டில் வியாபார வெட்டை நிறுத்தியது. அதே காலத்தில் நகரங்கள் எழுந்துகொண்டிருந்தன. மரம் வெளியிலிருந்துதான் வர வேண்டும், பக்கத்து வீடு ரஷ்யா.

எல்லையில் ஒரு சங்கடம் இருந்தது. ரஷ்ய ரயில் பாதையின் அகலம் 1,520 மி.மீ., சீனப் பாதை 1,435 மி.மீ. அதனால் சபைக்கால்ஸ்க், மன்சௌலி பக்கம் சரக்கை இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். எப்படியும் இறக்கித்தானே ஆக வேண்டும், அங்கேயே அறுத்துவிட்டால் என்ன என்றுதான் எல்லையோர ஆலைகள் முளைத்தன. 2018, 2019 வாக்கில் ரஷ்யாவின் அறுத்த மர ஏற்றுமதியில் பாதிக்கு மேல் சீனாவுக்குப் போனது.

கனடாவும் சீனாவுக்குப் போனது. அமெரிக்க வீட்டுச் சந்தை படுத்துக் கிடந்த 2009க்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரிட்டிஷ் கொலம்பியா நீலக்கறை படிந்த, தரம் குறைந்த மரத்தைச் சீனாவுக்கு அனுப்பியது. அங்கே அதைக் கான்கிரீட் சென்ட்ரிங் பலகையாகவும் பெட்டிச் சட்டமாகவும் பயன்படுத்தினார்கள். 2011ல் அந்த வியாபாரம் 100 கோடி கனடிய டாலரைத் தாண்டியது. அமெரிக்கச் சந்தை எழுந்ததும் கனடா பழைய வாசலுக்கே திரும்பிவிட்டது. சீனாவில் அந்த இடத்தை மலிவான ரூபிளோடு ரஷ்யா பிடித்துக்கொண்டது.

ஜப்பான் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

1990களில் இரண்டு நாடுகளுக்குமே முக்கியமான சந்தை. கனடா அறுத்த மரம் அனுப்பியது, ஜப்பானுக்கென்றே ஜே கிரேடு என்று ஒரு தரம் வைத்திருந்தார்கள். ரஷ்யா தடி அனுப்பியது. 1995 கோபே பூகம்பத்துக்குப் பிறகு வட அமெரிக்க முறை மரவீடுகளுக்கு அங்கே மவுசு கூடியது. 1996ல் 16 லட்சம் வீடுகள் தொடங்கிய ஜப்பான் அதன் பிறகு அந்த எண்ணைத் தொடவில்லை, மரத் தேவையும் சுருங்கிவிட்டது.

2022க்குப் பிறகு ரஷ்யாவின் எண்களை நம்பலாமா?

உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில் மரம் பொறுப்போடு பராமரித்த காட்டிலிருந்து வந்தது என்று சான்று தரும் எஃப்.எஸ்.சி., பி.இ.எஃப்.சி. என்ற இரண்டு அமைப்புகளும் ரஷ்ய, பெலாரஸ் மரத்துக்குக் கதவைச் சாத்தின. ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் மர இறக்குமதியைத் தடை செய்தது, ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களுக்கு ஜூலை வரை அவகாசம். பிரிட்டன் கூடுதலாக 35 சதவீத வரி போட்டது. ஜப்பான் தடி, மரச்சீவல், வெனீர் ஆகியவற்றைத் தடை செய்தாலும் அறுத்த மரத்தை விட்டுவைத்தது. ரஷ்யாவின் ஏற்றுமதி இறங்கியது, மிச்சமும் சீனா, உஸ்பெகிஸ்தான் போன்ற மத்திய ஆசிய நாடுகள் பக்கம் குவிந்தது. ஏற்கெனவே ஒரே வாடிக்கையாளர் என்ற நிலை இன்னும் இறுகிவிட்டது.

எண்கள் விஷயத்துக்கு வருவோம். 2022 ஏப்ரலில் ரஷ்ய சுங்கத்துறை விரிவான வர்த்தகத் தரவை வெளியிடுவதை நிறுத்தியது. அதனால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு வாங்கும் நாடுகளின் இறக்குமதிக் கணக்கைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். இதைக் கண்ணாடித் தரவு என்பார்கள். இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். இறக்குமதி மதிப்பில் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்திருக்கும். டிசம்பரில் கிளம்பிய சரக்கு அடுத்த ஆண்டுக் கணக்கில் விழும். கணக்கை வெளியிடாத அல்லது தாமதமாக வெளியிடும் நாடுகளுக்குப் போனது கண்ணில் படாது. கன அளவில் பார்த்தால் முதல் சிக்கலிலிருந்து தப்பலாம்.

போர்டு அடி, கன மீட்டர் குழப்பத்தை எப்படித் தீர்ப்பது?

ஒப்பீடுகள் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதனால் ஒரே ஒரு சட்டத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

வட அமெரிக்கக் கடையில் எட்டடி நீள ‘2×4’ வாங்கினால் பெயரளவில் அது 2 அங்குலம் தடிமன், 4 அங்குலம் அகலம். டேப்பை வைத்து அளந்தால் ஒன்றரை அங்குலமும் மூன்றரை அங்குலமும்தான் இருக்கும், அதாவது 38 மி.மீ., 89 மி.மீ. உலர்த்தி இழைத்ததில் போனது அந்த வித்தியாசம். போர்டு அடிக் கணக்கோ பெயரளவை வைத்துத்தான் போடுவார்கள்: இந்தச் சட்டம் 5.33 போர்டு அடி. ஆயிரம் போர்டு அடி என்பது பெயரளவில் 2.36 கன மீட்டர். அதே ஆயிரம் போர்டு அடிக்கான 2×4 சட்டங்களை அடுக்கி உண்மையாக அளந்தால் சுமார் 1.55 கன மீட்டர்தான் தேறும். மூன்றில் ஒரு பங்கு காற்று.

ரஷ்யா விற்பது மெட்ரிக் அளவில், 50×150 என்றால் ஏறக்குறைய அதே அளவு மரம். ஆகவே கனடாவின் ஒவ்வோர் ஆயிரம் போர்டு அடியையும் 2.36 கன மீட்டர் என்று மாற்றி ரஷ்யாவின் கன மீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் கனடாவுக்கு இலவசமாகக் கொஞ்சம் மரம் சேர்த்துக் கொடுத்ததாக ஆகும். எல்லா அளவுச் சட்டத்துக்கும் இந்த விகிதம் ஒன்றாக இராது, 2×4ஐவிட அகலமான சட்டங்களில் வித்தியாசம் கொஞ்சம் குறையும். எந்தத் தரவை எடுத்தாலும் அது பெயரளவா உண்மை அளவா என்று விளக்கக் குறிப்பில் முதலில் பாருங்கள்.

தடியையும் அறுத்த மரத்தையும் எப்படிக் கூட்டுவது?

ஒரு கன மீட்டர் தடியை அறுத்தால் ஏறக்குறைய அரை கன மீட்டர் சட்டம் கிடைக்கும். மீதி தூள், சீவல், விளிம்புக் கட்டை. ஆகவே அறுத்த மரத்தை இரண்டால் பெருக்கினால் தோராயமான தடிச்சமம் வரும். 2006ல் ரஷ்யா அனுப்பிய ஒன்றரைக் கோடி கன மீட்டர் அறுத்த மரம் தடிச்சமத்தில் 3 கோடி. அதே ஆண்டு தடியாகவே போனது 5 கோடி. மொத்தம் 8 கோடி! கனடாவின் 4 கோடி அறுத்த மரமும் இதே முறையில் 8 கோடி. பிர்ச்சையும் சேர்த்த தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் அறுத்த மரத்தில் வெகுதூரம் பின்தங்கியிருந்த ரஷ்யா, காட்டிலிருந்து வெளியே போன மரத்தில் அப்போதே கனடாவை எட்டியிருந்தது என்பது இதில் தெரிகிறது.

சுங்கக் குறியீடுகளில் என்ன கவனிக்க வேண்டும்?

4403 தடி, 4407 அறுத்த மரம். 2017க்கு முன் ஊசியிலை அறுத்த மரம் முழுவதும் 4407.10 என்ற ஒரே குறியீட்டில் இருந்தது. 2017ல் அது பைன், ஸ்ப்ரூஸ்-ஃபர், மற்றவை என்று பிரிந்தது. 2022ல் ஸ்ப்ரூஸ்-பைன்-ஃபர் கலவைக்கும் ஹெம்-ஃபர் (ஹெம்லாக், ஃபர்) கலவைக்கும் தனி எண்கள் வந்தன. கனடாவின் மரம் பெரும்பாலும் கலவையாகவே விற்பனையாவதால் இந்த மாற்றத்தில் அதன் பைன் ஏற்றுமதி சட்டென்று காணாமல் போனதுபோல் தோன்றும். உட்குறியீடுகள் அனைத்தையும் கூட்டி ஒரே தொடராக எடுங்கள்.

குறியீடு விளையாட்டுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்லாமல் விட மனமில்லை. 1996 ஒப்பந்தத்துக்குப் பிறகு கனடாவில் சிலர் சுவர்ச் சட்டத்தில் மின்கம்பி நுழையும் ஓட்டைகளைப் போட்டு அனுப்பினார்கள். ஓட்டை போட்டதும் அது 4407லிருந்து விலகி, தச்சுப் பொருள்களுக்கான 4418க்குப் போனது, ஒதுக்கீட்டில் சேராமல் தப்பியது. 1998ல் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த வழியை அடைத்தது. ரஷ்யாவில் தடிக்குத் தடை வரப்போகிறது என்றதும், தடியை நான்கு பக்கமும் லேசாகச் சீவி ‘அறுத்த மரம்’ என்று அனுப்பிவிடுவார்களே என்ற கவலை வந்தது. 100 மி.மீ.க்கு மேல் தடிமனும் 22 சதவீதத்துக்கு மேல் ஈரமும் உள்ள மரத்துக்குத் தனி வரி போட்டார்கள். எந்த ஆண்டிலாவது ஒரு குறியீட்டின் அளவு திடீரென்று விழுந்து பக்கத்துக் குறியீட்டின் அளவு எழுந்தால், காரணம் தேடிக் காட்டுக்குப் போவதற்கு முன் சுங்கச் சட்டத்தைப் பாருங்கள்.

டாலர் மதிப்பில் ஒப்பிட்டால் போதாதா?

போதாது. 2021 மே மாதம் சிகாகோ முன்பேரச் சந்தையில் ஆயிரம் போர்டு அடி 1,600 டாலருக்கு மேல் போனது, பெருந்தொற்றுக்கு முன் அது 400 டாலரை ஒட்டி இருந்தது. அந்த ஆண்டு கனடாவின் ஏற்றுமதி மதிப்பு மலைபோல உயர்ந்து நிற்கும், கன அளவு அப்படி உயரவில்லை. மதிப்பையும் காட்டுங்கள், ஆனால் தனியாக, விலைவாசியைக் கழித்து.

இந்தியாவுக்கு இந்த மரம் வருகிறதா?

வருகிறது, ஆனால் இரண்டு நாடுகளுக்கும் நாம் சின்ன வாடிக்கையாளர்தான். நமக்கு ஊசியிலைத் தடி பல ஆண்டுகளாக அதிகம் வந்தது நியூசிலாந்திலிருந்து, ரேடியேட்டா பைன். குஜராத்தின் கண்ட்லா துறைமுகமும் அதையொட்டிய காந்திதாம் ஆலைகளும் அதன் மையம். பிரிட்டிஷ் கொலம்பியா அரசின் நிறுவனம் ஒன்று ‘கனடியன் வுட்’ என்ற பெயரில் இங்கே ஹெம்லாக், டக்ளஸ் ஃபர் வகைகளைக் கதவு, ஜன்னல், மேசை நாற்காலிகளுக்குப் பரப்பிவருகிறது. நம் மரக்கடைக்காரர்கள் கன அடியில் பேசுகிறார்கள் என்பதால் ஒரு கணக்கு: 1 கன மீட்டர் என்பது 35.31 கன அடி. அமெரிக்காவில் விலை ஏறினால் ஐரோப்பிய மரம் அங்கே திரும்பும், நமக்கு வரும் சரக்கின் விலையும் சேர்ந்து நகரும்.

ஒரே ஒரு வரைபடம்தான் போட முடியும் என்றால் எப்படிப் போடுவது?

1992 முதல் ஆண்டுவாரியாக, ஒவ்வொரு நாட்டுக்கும் தடியையும் அறுத்த மரத்தையும் தடிச்சமத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குங்கள். அதற்குக் கீழே ஒரு மெல்லிய பட்டையில், கனடாவின் ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கையும் ரஷ்யாவின் ஏற்றுமதியில் சீனாவின் பங்கையும் சதவீதமாகக் காட்டுங்கள். 1996, 2007, 2009, 2022 ஆகிய நான்கு ஆண்டுகளில் செங்குத்துக் கோடு போடுங்கள். 2022க்குப் பிந்தைய ரஷ்யப் பகுதியைப் புள்ளிக்கோடாக வையுங்கள், அது கண்ணாடித் தரவு. போர்டு அடியை எந்த எண்ணால் மாற்றினீர்கள், தடிச்சமத்துக்கு எதைப் பெருக்கினீர்கள் என்பதை அடியில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.